மிச்சக் கல்லு

"பின்னாடி துணி துவைக்கிற இடம் சேறாக் கிடக்கு. முன்வாசல்ல பதிச்சது போக மிச்சக் கல்லைக் கொண்டுபோய்த் தெருவுல பதிக்கிறீங்களே, கிறுக்கா உங்களுக்கு?"

நான் கத்துனது என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் காதுல ஏறவே இல்ல. எங்க கேட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டு மரியராஜ் வாசல் வரைக்கும் நூல் கட்டிட்டு இருந்தாரு. கொத்தனார் பேச்சிமுத்து மண்ணைப் பரப்பி, பேவர் பிளாக்கை அடுக்கி, ரப்பர் சுத்தியலால தட்டினாரு.

குழாய்க்குத் தோண்டி மூடுனதுல இருந்து எங்க வாசலுக்கு அங்கிட்டு சந்து பூரா ஜல்லி. ஆட்டோகூட எங்க வாசலோட சரி.

அதுக்காகத் தெருவைச் சரிபண்ண இவரு என்ன கவுன்சிலரா?

காம்பவுண்டுச் சுவர் சண்டையில இருந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சே இல்ல. மரியராஜ் சும்மா விடுவாரா? கைலியை மடிச்சுக் கட்டிட்டு வந்துட்டாரு.

"ஏலே ஈஸ்வரா! சுவரைத் தள்ளிக் கட்டுனது பத்தாதா? இப்ப தெருவையும் வளைக்கிறியா? பேத்து எறிடா!"

"முடியாதுண்ணே."

"நீ பேக்கலைன்னா நான் பேப்பேன்."

இவரு குனிஞ்சு நூலை இழுத்துக் கட்டுனாரு. எனக்குத்தான் வெக்கமாப் போச்சு. அந்த மனுஷன் கேக்குறதுலயும் நியாயம் இருக்குல்ல?

சொன்ன மாதிரியே மறுநாள் காலையில 'ணங்கு ணங்கு'ன்னு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தா, மரியராஜ் கடப்பாரையால நெம்பிட்டு இருக்காரு. நடுவுல நாலஞ்சு கல்லு பேந்து கிடக்கு. இவரும் என் பின்னாலயே வந்தாரு. அடிதடி ஆயிருமோன்னு இவரு கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அந்நேரம் எங்க வாசல்ல ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. மரியராஜ் சம்சாரம் ஆரோக்கியமேரி. இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு ஒட்டன்சத்திரத்துல மக வீட்டுல இருந்தவங்க. கையில வாக்கர்.

பேவர் மேல வாக்கரை ஊனி ஊனி நடந்து வந்தாங்க. முகமெல்லாம் சிரிப்பு.

"ஈஸ்வரன் தம்பி! ஜல்லிக்குள்ள எப்படி நடப்பேன்னு இவருக்குத் தெரியாம போன்ல ஒரு வார்த்தைதானே சொன்னேன், பாதையே போட்டுட்டீங்களே! இவரு வைராக்கியத்துல வேணாம்னுருவாரேன்னு பயந்துக்கிட்டே வந்தேன். ஒத்துக்கிட்டாரா?"

வாக்கர் பள்ளத்துக்கிட்ட வந்து நின்னுருச்சு.

"ஐயோ, இது யாரு பேத்தது?"

மரியராஜ் கையில கடப்பாரை.

என் வீட்டுக்காரர் குத்தவச்சு மண்ணை நிரவிக்கிட்டே சொன்னாரு:

"ஒத்துக்காம என்ன மதினி? இந்த இடத்துல கல்லு ஆடுச்சு. நீங்க விழுந்துரக் கூடாதுன்னு அண்ணன்தான் காலங்காத்தால கடப்பாரையோட வந்து நிக்கிறாரு."