அம்மாவின் பங்கு

டாக்டர் அறையிலிருந்து வந்து அக்காவும் தங்கையும் தேரடித் தெரு ஜூஸ் கடை நிழலில் நிற்கிறார்கள். மார்பகப் புற்றில் இறந்த அம்மாவின் மரபணுக் கோளாறு அக்கா அருணாதேவிக்கு மட்டும் வந்திருக்கிறது. புற்று இன்னும் இல்லை. ஆனால் கருவிலேயே தொடங்கி அவள் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் அந்தக் குறை இருக்கிறதாம். தங்கை எழிலரசி தேம்புகிறாள். அவளுக்கு அம்மாவின் சுருட்டை முடி, அம்மாவின் மோவாய், ஜாடை பார்த்துச் சொந்தக்காரர்கள் அவளுக்கே போட்டுவிட்ட அம்மாவின் மூக்குத்தி. மலைப்பக்கமிருந்து நிழலுக்குள் சாய்ந்து விழும் வெயிலில் அது மினுங்குவதைச் சின்ன வயதின் அதே எரிச்சலோடு அருணாதேவி பார்க்கிறாள். சாத்துக்குடி ஜூஸ் கையில் சூடாகிறது. "இது எனக்கு வந்திருக்கக் கூடாதாக்கா?" என்கிறாள் தங்கை. "எல்லாமே உனக்கே வேணுமாடி? இதையாவது அம்மா எனக்குனு குடுத்திருக்கு."