காவலுக்கு நின்ற சேவல்

அடைகாத்து எலும்பும் தோலுமாய்ப் போயிருந்த கோழியிடம் சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது: "நீ போய் வயிறாரத் தின்னுட்டு வா. குஞ்சுகளை நான் பாத்துக்கிறேன். நான் இருக்கையில எந்தப் பருந்து கிட்ட வந்துடும்?"

கோழி குப்பைமேட்டுப் பக்கம் போனதுதான் தாமதம், வாசலில் பருந்தின் நிழல் வட்டமிட்டது. சேவல் ஒரே ஓட்டமாக ஓடி, செங்கல் முட்டுக்கொடுத்திருந்த பஞ்சாரக் கூடைக்குள் புகுந்து கண்ணை மூடிக்கொண்டது. குஞ்சுகளும் விழுந்தடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போய் ஒண்டின. நிழல் விலகியது.

கோழி பதறிக்கொண்டு வந்தது. கடைக்குட்டிக் குஞ்சு கூடையிலிருந்து தலையை நீட்டிப் பெருமையாகச் சொன்னது: "அம்மா, எங்களுக்கு இடம் பிடிக்க அப்பாதான் எல்லாருக்கும் முன்னால ஓடி வந்தாரு!"

கோழி சேவலைப் பார்த்தது. சேவல் தலையைத் தூக்காமல், ஒரு நொய்கூட இல்லாத தரையைக் கொத்திக்கொண்டே இருந்தது.