பக்கத்துக் கடைப் பச்சைக் கேடயம்

பூபாலசிங்கத்தின் கொம்பியூட்டர் காலை பத்து மணிக்குப் படுத்துவிட்டது.

திரை முழுக்கச் சிவப்பு. 312 வைரஸ்களாம். உடனே பணம் கட்ட வேண்டுமாம். வேறொன்றும் திறக்கவில்லை. உள்ளே வாடிக்கைக்காரி சீனியம்மாவின் இருபத்து மூன்று பக்கச் சத்தியக்கடதாசி. நாளை காலை ஒன்பதுக்குப் புதுக்கடை நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டியது.

கொட்டாஞ்சேனையில் அவருடையது மொழிபெயர்ப்புக் கடை. தமிழில் வருவதை அவர் சிங்களத்தில் எழுதுவார். மனைவி யோகேஸ்வரி தட்டச்சு செய்து, அச்சடித்து வைப்பாள். அவர் கையெழுத்துப் போடுவார். திரும்பப் படிக்கிற வழக்கமில்லை.

"உவள்தான்!" என்றார், சுவரைக் காட்டி.

சுவருக்கு அந்தப் பக்கம் புளோறன்ஸின் கடை. அவளும் அதே தொழில்தான். வந்து ஒரு வருடம். அங்கே ஏசி. வாசலில் எப்போதும் வரிசை.

"அவ என்னப்பா செய்தவ?"

"வைரஸ் அனுப்பியிருக்கிறாள். எரிச்சல். நான் நல்லாயிருக்கிறது பொறுக்கேல்லை."

யோகேஸ்வரி தங்கள் வாசலைப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து சீனியம்மா வந்தாள். முகத்துவாரத்தில் முப்பத்தொரு வருடமாக அவள் இருக்கிற வீட்டைத் தன்னுடையது என்று ஒருவன் வழக்குப் போட்டிருக்கிறான்.

"ஐயா, கடுதாசி ரெடிங்களா? இன்னைக்கே கொண்டாரச் சொன்னாரு லோயர் ஐயா."

"பின்னேரம் வா."

"கெடைச்சிருங்களா? அது இல்லாட்டி வீடு போயிரும்னாரு."

"வா எண்டால் வா."

அவள் போகவில்லை. வாசற்படியில் குந்திக்கொண்டாள்.

"புளோறன்ஸைக் கூப்பிடட்டோ? அவவுக்கு உதெல்லாம் தெரியும்," என்றாள் யோகேஸ்வரி.

"கூப்பிட்டுப் பார். நான் கடையைப் பூட்டிப்போட்டுப் போறன்."

மாளிகாவத்தையிலிருந்து முர்ஷித் வந்தான். கொம்பியூட்டர் திருத்துகிறவன். ஐந்து நிமிடம் நோண்டினான்.

"அங்கிள், வைரஸ் வெளியால இருந்து வரல்ல. நீங்க போட்டீக்கிற அன்டிவைரஸ்தான் வைரஸ்."

"விசர்க்கதை கதையாதை. பச்சைக் கேடயம் போட்ட நல்ல சாமான் அது."

"கேடயம் சரி. பேரும் கிட்டத்தட்ட சரி. ஆனா அசல் இல்ல. நல்ல கம்பனிட பேரு மாதிரியே ஒரு பேர வச்சி, அதே கலர்ல செஞ்சி விடுவாங்க. இல்லாத வைரஸக் காட்டிப் பயமுறுத்திச் சல்லி கேப்பாங்க. இத எங்க பாத்து எடுத்தீங்க?"

பூபாலசிங்கம் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

யோகேஸ்வரி சொன்னாள். "பக்கத்துக் கடைக் கண்ணாடியால எட்டிப் பார்த்தவர். அவவின்ர ஸ்கிரீன்ல பச்சைக் கேடயம் இருந்ததாம். அண்டைக்கே தானும் தேடிப் பிடிச்சுப் போட்டவர்."

"அவங்கள்ட்டயே பேரக் கேட்டீக்கலாமே அங்கிள்?"

"அவளிட்டையோ? நானோ?"

மூன்று மணிக்குக் கொம்பியூட்டர் எழும்பியது. வெறுமையாக.

"முழுக்க அழிச்சாத்தான் அது போச்சு. பைல் ஒண்ணும் மிஞ்சல்ல. வேற எங்கயாவது கொப்பி ஈக்கா?"

வாசற்படியில் சீனியம்மா எழுந்து நின்றாள். பூபாலசிங்கம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்து மூன்று பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்ய இரண்டு நாள் வேண்டும்.

"ஒரு கொப்பி இருக்கு," என்று யோகேஸ்வரி வெளியே போனாள். பத்து நிமிடத்தில் ஒரு பென் டிரைவோடு வந்தாள்.

"பார்த்தியா முர்ஷித்? மூளை எண்டால் என்ர மனிசியின்ர மூளை! உவளுக்கு இப்பிடி ஒரு யோசினை வருமோ?" சுவருக்குக் கேட்கும்படி சொன்னார்.

பென் டிரைவில் எட்டு மாத வேலை அப்படியே இருந்தது. ஆனால் எல்லாம் இரண்டிரண்டாக. 'சீனியம்மா' என்று ஒன்று. அதன் கீழே 'சீனியம்மா சரி' என்று ஒன்று.

முதலாவதைத் திறந்தார். அவர் எழுதியது. இரண்டாவதைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் மாற்றம். நாலாம் பக்கத்தில் கண் நின்றது. 'இந்த வீட்டில் முப்பத்தொரு வருடமாகக் குடியிருக்கிறேன்' என்று சீனியம்மா சொல்லியிருந்தாள். அதை அவர் சிங்களத்தில் 'வாடகைக்கு இருக்கிறேன்' என்று எழுதி வைத்திருந்தார்.

அது நீதிமன்றம் போயிருந்தால் வீடும் போயிருக்கும்.

"இவ்வளவு நாளும் நான் கையெழுத்து வைச்சது எதில?"

"ரெண்டாவதிலதான். மாசி மாசம் உங்கட மூண்டு கட்டு பிழையெண்டு திரும்பி வந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு ஒண்டும் திரும்பி வரேல்லை."

முர்ஷித் பையைத் தூக்கிக்கொண்டு நழுவினான்.

இரண்டாவதை அச்சடித்தார்கள். பூபாலசிங்கம் முதன்முறையாக ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். சீனியம்மா இரண்டு கையாலும் வாங்கினாள்.

"ஐயா எழுதுற சிங்களத்துல ஒரு பிழை பிடிக்க ஏலாதுன்னு லோயர் ஐயாவே சொன்னாருங்க."

பூபாலசிங்கம் அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"திருத்தினதுக்கு எவ்வளவு குடுத்தனீ?"

"ஒரு சதமும் வாங்கேல்லை. 'அவர் பிழை விட்டால் வீடு வாசல் போறது அவருக்கில்லை அக்கா, இந்தச் சனத்துக்கு' எண்டு சொன்னவ. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டும் கேட்டவ."

"ஆர்?"

யோகேஸ்வரி தட்டச்சுப் பலகையைத் துணியால் மூடினாள்.

"புளோறன்ஸ்."