கொசுப்பெட்டி

என் வீட்டுச் சுவரில் தொங்கிய கொசுப்பெட்டியை முருகலட்சுமி ஆணியோடு பிடுங்கினாள்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள், தெருவைக் கடந்தாள், பிடுங்கினாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. உடைக்கட்டும் என்றுதான் இருந்தது.

பின்னே என்ன? போன வருஷம் இதே சுகாதாரக்காரர்கள்தான் தெருவில் இறங்கி எங்கள் டிரம்களைக் கவிழ்த்தார்கள். புழு நெளிகிறதாம். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. டிரம்மில் பிடித்து வைக்காமல் வாயிலா பிடித்து வைப்பார்கள்?

கவிழ்த்த அதே ஆட்கள் இந்த ஆடியில் வந்து, வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றிக் கொசு வளர்க்கச் சொல்கிறார்கள்.

இது வேறு கொசுவாம். உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்குமாம். தாய்க்கொசுவிடமிருந்து பிள்ளைக்கொசுவுக்கும் போகுமாம். அது இருக்கிற உடம்பில் டெங்குக் கிருமி வளராதாம். பெட்டியிலிருந்து பறந்து போய் ஊர்க்கொசுவோடு சேர்ந்து, போகப் போக எல்லாக் கொசுவும் அப்படி ஆகிவிடுமாம்.

முள்ளை முள்ளால் எடுப்பது மாதிரி என்று அவர்கள் போட்ட கூட்டத்தில் சுகந்தி சொன்னாள். பெட்டி மாட்ட வந்திருக்கும் பெண், பந்தல்குடிக்காரி. எடுக்கிற முள் உள்ளேயே ஒடிந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் இருந்த முருகலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை.

எங்களுக்குப் போனது தண்ணீர். அவளுக்குப் போனது பிள்ளை. மூத்தவள் ரேணுகாதேவி, ஏழாவது படித்தாள். போன ஐப்பசியில் காய்ச்சல். டெங்கு என்று தெரிந்து மதுரைக்குக் கொண்டு போனார்கள். வழியில் காரியாபட்டிகூடத் தாண்டவில்லை.

அன்றைக்குச் சாத்திய கதவுதான். துக்க வீடு என்று நாங்களும் போய்த் தட்டவில்லை.

இப்போது பெட்டி அவள் கையில் இருந்தது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டைகள், உள்ளே பாதித் தண்ணீர்.

நாலு வீடு தள்ளி ஆணி அடித்துக்கொண்டிருந்த சுகந்தி போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

"அக்கா, கொட்டிராதீகக்கா. இப்பத்தான் முட்டையப் போட்டேன்."

சாக்கடை இரண்டடியில் இருந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கொட்டுடி என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முருகலட்சுமி சாக்கடையைத் தாண்டினாள்.

கோபத்தில் அவளுக்கு உதடு துடித்தது, தோள் நடுங்கியது. பெட்டி மட்டும் சாயவில்லை. நிறைகுடம் தூக்கி வருகிறவள் நடக்கிற மாதிரி நடந்து போய், தன் வீட்டுக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள்.

அந்த வீட்டின் உள்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன், இத்தனை மாதம் கழித்து.

பட்டப்பகலில் கொசுவலை கட்டியிருந்தது. வலைக்குள் சின்னவள் பேச்சி உட்கார்ந்திருந்தாள். நாலு வயசு. மடியில் சிலேட்டு. கூட்டமாக நின்ற எங்களை வலை வழியே மாறி மாறிப் பார்த்தாள்.

டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று கூட்டத்தில் சொன்னதைத் தெருவில் எல்லோரும்தான் கேட்டோம். அந்தப் பிள்ளை தெருவுக்கு விளையாட வந்து எவ்வளவு நாளாயிற்று என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முருகலட்சுமி வலைக்கயிறு கட்டியிருந்த ஆணிக்குப் பக்கத்து ஆணியில் பெட்டியை மாட்டினாள். சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகுதான் திரும்பினாள்.

"எழவு விழுந்த வீடுன்னுதான என் வாசல மட்டும் தாண்டிப் போன? இவள நான் எப்பத்தான் வெளிய விடுறது?"

சுகந்தி திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த வீட்டுக்குப் போகாதே, வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சாதே என்று காலையில் அவளிடம் சொன்னது நான்தான்.