கோணல் தழும்பு

இருபத்திரண்டு வருடமாக இந்த ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவன் நான். ஐம்பத்திரண்டு வயதாகியும் என் வேலைக்குப் பெயர் வார்டு பாய்தான். இன்றைக்கு அதே ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து கிடக்கிறேன்.

முன்சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே வருகிறது. எண்ணெய் போடு, எண்ணெய் போடு என்று நர்ஸம்மா தலைபாடாக அடித்துக்கொண்டார். நாளைக்கு, நாளைக்கு என்றே ஓட்டிவிட்டேன். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

தள்ளுகிறவன் நெட்டை, என் ஷிப்ட் கூட்டாளி. வாய் ஓயாதவன் இன்று அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு தள்ளினான்.

எனக்கு வயிற்றில் கட்டி. எலுமிச்சை அளவு என்றார் பெரிய டாக்டர். மற்றதெல்லாம் திறந்து பார்த்தால்தான் தெரியுமாம்.

லிஃப்ட் வந்தது. மூன்றாவது மாடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக ஒரு நிமிடம் ஆகும். எனக்குத் தெரியாதா? வீட்டார் எதிரில் வீரமாகப் படுத்திருந்தவர்கள்கூட, கதவு மூடியதும் என் கையைப் பிடிப்பார்கள்.

“டாக்டர் நல்லா பண்ணுவாராண்ணே?”

சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். தொப்புளுக்கு மேலே ஒரு சாண் நீளத் தழும்பு. “இவர் போட்டதுதான். மறு மாசமே மூட்டை தூக்கினேன்” என்பேன். அவ்வளவுதான், பிடி தளரும். சிலர் சிரித்துக்கூட விடுவார்கள்.

அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. அவர்களையும் நான்தான் கீழே கொண்டுபோனேன். அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

பழகிய முகம் என்பதால் இன்றைக்கு மனைவியையும் லிஃப்டில் ஏற விட்டார்கள். என் உள்ளங்கை வியர்வையைத் துடைத்துவிட்டு முறைத்தாள்.

“ஏற்கெனவே ஒரு தடவை உங்களை அறுத்துத் தைச்சு அனுப்பினவர்தானே? பச்சப்புள்ள மாதிரி என்ன நடுக்கம்?”

தலையாட்டினேன். கல்யாணமானதிலிருந்தே அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம்.

தியேட்டர் வாசலோடு அவளை நிறுத்திவிட்டார்கள். என்னை மேஜைக்கு மாற்றிப் படுக்கவைத்துவிட்டு, நெட்டை தோளைத் தட்டினான்.

“நீ வர்றதுக்குள்ள வீலுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன்.”

உள்ளே ஒரே குளிர். தலைக்கு மேலே பெரிய விளக்கு. இத்தனை வருடத்தில் அதைக் கீழேயிருந்து பார்த்ததே இல்லை.

டாக்டர் வந்தார். காலையிலிருந்து அவருக்கு இது மூன்றாவது ஆபரேஷன். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. போர்த்தியிருந்த துணியை விலக்கி வயிற்றைப் பார்த்தார். திரும்ப மூடினார்.

“இதுதான் நான் போட்ட தையலா?”

எனக்கு உயிரே போய்விட்டது. முதல் நாள் பரிசோதனையிலேயே கேட்பார் என்று பயந்திருந்தேன். கேட்காததால் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

“நீ வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷமே தெரியும்யா. ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா சொன்னாங்க. இவ்வளவு கோணலா தைச்சேன்னு ஊரெல்லாம் காட்டி என் மானத்தை வாங்கிட்டியே.”

பதினேழு வயதில் பந்து எடுக்கத் தகர வேலி தாண்டியபோது வயிறு கிழிந்தது. மருந்துக்கடைக்காரர்தான் தைத்துவிட்டார். ஆபரேஷன் கத்தி என் மேல் பட்டதே இல்லை. எத்தனை பேருக்கு இதைக் காட்டித் தைரியம் சொல்லியிருப்பேன்! எனக்குக் காட்டத்தான் யாரிடமும் ஒன்றும் இல்லை.

“திரும்பி வராதவங்களுக்கும் காட்டினேன் சார்” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பாரம் என்னோடது, உன்னோடது இல்லை. நீ கொண்டுவந்து விட்டவங்க நடுங்காம படுத்திருந்தாங்க. அதைப் பார்த்தா எனக்கும் கை நிதானமா இருக்கும். அதான் உன்கிட்ட இதைப் பத்திக் கேட்கலை.”

எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டார்.

“பழைய தழும்பை வெட்டி எடுத்துட்டு அதே வழியாத்தான் உள்ள போறேன். நேரா தைச்சு விடுறேன். அப்புறம் காட்டினா பொய் இல்லை.”

பிழைப்பேனா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மயக்க மருந்து கொடுப்பவர் பக்கத்தில் வந்து நின்றார். பழக்க தோஷம், துணியை நானே தூக்கித் தழும்பைக் காட்டினேன்.