முகம் வேண்டாத படம்

பதினோராவது தடவையும் லுவா அம்மாள் கெடுத்துவிட்டாள். காவடித் தண்டில் கூடைகள் ஆட, மஞ்சள் சுவரோரமாக ஒழுங்காகத்தான் நடந்து வந்தாள். கேமராவுக்கு நேரே வந்ததும் ஓலைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

கொரியாவிலிருந்து வந்திருந்த பெக் பெருமூச்சு விட்டுக் கேமராவை இறக்கினார். வழிகாட்டி தொவானுக்கு அந்தப் பெருமூச்சு மனப்பாடம். வியட்நாமின் ஹோய் ஆன் நகரில் ஒன்பது வருடமாக அவனுக்கு இதே சுவர், இதே காலை வெயில். எதிரே நிற்கும் கேமராக்காரர் மட்டும் மாறுவார்.

"முகம் வேண்டாம்னு சொல்லுங்க தொவான். மஞ்சள் சுவர், கூம்புத் தொப்பி, கீழே நீளமா ஒரு நிழல். ஆள் இருக்கணும், ஆனா யாருன்னு தெரியக் கூடாது."

தொவான் தெருவைக் கடந்து போனான். "பெரியம்மா, தரையைப் பார்த்து நடங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நேத்து கல்யாணமான பொண்ணு மாதிரி என்ன அலங்காரம் வேற?"

"கழுத்து வலிக்குது தம்பி."

போன வாரம் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது முட்டி வலி என்று வர மறுத்தவள் அவள். இன்று வருபவர் எந்த நாட்டுக்காரர் என்று விசாரித்துக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, அவனுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள். அதையெல்லாம் யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. இன்னும் ஒரு காப்பிகூடக் குடித்திருக்கவில்லை.

"இவரு படத்தை அவங்க ஊர்ல பெருசா மாட்டி வைப்பாங்களாமே, நெசமா?"

"நெசம்தான். கண்காட்சி வைக்கிறாரு. ஊரே வந்து பார்க்கும். இந்தத் தடவையும் கெடுத்தீங்கன்னா வேற ஆளைக் கூப்பிடச் சொல்லிடுவாரு."

அவள் தண்டைத் தோள் மாற்றிக்கொண்டாள். "இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கும்ல?"

"இருக்கும், இருக்கும். நடங்க."

பன்னிரண்டாவது தடவை அவள் தலையே நிமிரவில்லை. பெக் முகம் மலர்ந்து, அவளை அருகில் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

மஞ்சள் பரப்பில் ஒரு முக்கோணம், இரண்டு வட்டங்கள், ஒரு நிழல். அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுல நான் எங்க?"

"தொப்பிக்கு அடியில இருக்கீங்க," என்றான் தொவான்.

"மொகம் தெரியற படத்தைக் காட்டச் சொல்லு."

தொவான் கொரிய மொழியில் கேட்டான். பெக் சிரித்தபடி கையை விரித்தார்.

"அதெல்லாம் அப்பப்பவே அழிச்சிட்டாராம் பெரியம்மா."

லுவா அம்மாள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுச் சுவரடியில் மெல்ல உட்கார்ந்தாள். தொவான் பணத்தை நீட்டினான். அவள் கை நீளவில்லை.

பெக் அடுத்த தெருவுக்குப் போகக் கிளம்பிவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் இவளைச் சமாதானப்படுத்தவும் வேண்டுமா என்று தொவானுக்கு அலுப்பாக இருந்தது.

"இருக்குன்னு சொன்னியே தம்பி," என்றாள் அவள்.

"சும்மா சொன்னேன். அதுக்கு இப்ப என்ன? உங்க மூஞ்சிய அங்க யாரு பெரியம்மா தேடப் போறாங்க?"

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த நாட்டுக்குத்தான் என் மகளைக் கட்டிக் குடுத்தேன். அவகிட்டேருந்து சேதி நின்னு ஏழு வருஷமாச்சு."