இரண்டு மாடிகளுக்கு நடுவே

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது.

முதல் மாடியும் இல்லை, இரண்டாவது மாடியும் இல்லை. கதவின் இடுக்கில் வெறும் சிமெண்டுச் சுவர்தான் தெரிந்தது.

மாளிகையின் விழா முறைகளைக் கவனிக்கும் புரோட்டோகால் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேலே மண்டபத்தில் மறைந்த ஆளுநருக்கு நினைவுக் கூட்டம் தொடங்கிவிட்டது. பேச்சுகள் முடிந்ததும் ஆளுநரின் படத்தைத் திறந்துவைக்க வேண்டியவர் அவருடைய மனைவி. அந்த அம்மா இங்கே, லிஃப்டுக்குள், இவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

படம் இருக்கிறது, திரை இருக்கிறது, பெரிய மனிதர்கள் எல்லோரும் வந்தாயிற்று. திரையை இழுக்க வேண்டிய கைதான் வழியில் மாட்டிக்கொண்டுவிட்டது.

ஆளுநர் மாளிகையில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. லிஃப்டுக்குள் ஊழியர்கள் கதவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். பெரியவர்கள் பக்கம் திரும்பவே கூடாது. அந்த விதியை எழுதிய புண்ணியவானே இவர்தான். ஆகவே கதவைப் பார்த்தபடியே வியர்த்தார்.

மணியை அழுத்தினார். கதவைத் தட்டினார். மறுபடி மணியை அழுத்தினார். பணியாளர்கள் அவருக்குத் தெரியாமல் வைத்திருந்த பெயர் 'கடிகாரம்'. எந்த நிகழ்ச்சியையும் ஒரு நிமிடம் பிசகாமல் நடத்திக்காட்டியவர். இன்று அந்தப் பெயர் கப்பலேறப் போகிறது.

இந்த லிஃப்ட் அவருடைய பரம வைரி. ஆளுநர் இருந்த காலமெல்லாம் இதே கூத்துதான். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நடுவில் நின்றுவிடும். அதுவும் சொல்லிவைத்தாற்போல், மற்றவர்களைப் படியில் வரச் சொல்லிவிட்டு ஆளுநரும் அம்மாவும் மட்டும் ஏறும்போதுதான் நிற்கும்.

மெக்கானிக் வந்து பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மெஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். இவர் அவரை வறுத்தெடுப்பார். லிஃப்டிலிருந்து இறங்கும் ஆளுநர் சிரித்துக்கொண்டே ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போவார்.

"மெக்கானிக்கைத் திட்டாதீங்க. பழைய லிஃப்ட்."

மேலே ஒலிபெருக்கி முழங்கியது. வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நடந்தவர் நம் ஆளுநர் என்றது ஒரு குரல்.

"அப்புறம் மாசக்கணக்கா இருமினது இவங்களுக்கு எங்க தெரியும்," என்றார் அம்மா, பின்னாலிருந்து மெல்ல.

அதிகாரி கதவைப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருடைய வீட்டில் மூடிய கதவே கிடையாது, இரவு பகல் எந்நேரமும் மனிதர்களோடுதான் இருந்தார் என்றது அடுத்த குரல். அதிகாரிக்கு அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அது இவருடைய ஏற்பாடு. படுக்கையறை வாசலில் காவலர், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கைகட்டி இருவர், தோட்டத்தில் நடந்தால் பின்னாலேயே ஒருவர். ஆளுநர் காலமான பிறகு அம்மாவுக்கும் அதே ஏற்பாடு. ஒரு நொடி தனியாக விட்டதில்லை. இன்று மாலை அம்மா மாளிகையைக் காலி செய்கிறார். பெட்டிகள் ஏற்கெனவே மகனின் காரில் ஏறிவிட்டன.

"நாயைச் சின்னவனே கூட்டிட்டுப் போறேன்னுட்டான்," என்றார் அம்மா.

"சரிங்கம்மா."

"உங்ககிட்ட சொல்லல தம்பி."

அதிகாரி கதவை இன்னும் நெருங்கி நின்றார். காதைப் பொத்திக்கொள்ளலாமா என்று நினைத்தார். அதற்கு விதி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"படத்துல உங்களை ரொம்பச் சிரிக்க வச்சிருக்காங்க," என்று அம்மாவின் குரல் தொடர்ந்தது. "யாரோ மாதிரி இருக்கீங்க. எனக்குப் பிடிக்கவே இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அஞ்சலி செலுத்த ஊரே வரிசையில் வந்த நாளில்கூட நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் கைகூப்பிய அம்மா, இப்போது தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி அம்மாவை மேடைக்கு அழைத்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் அழைத்தது. மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. செயலாளர் தன்னை உயிரோடு தோலுரிக்கப் போகிறார் என்பது அதிகாரிக்கு உறுதியாகிவிட்டது. கதவை இடிக்கக் கையை ஓங்கினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் தம்பி."

ஓங்கிய கை இறங்கியது. கடிகாரம் அன்று முதல்முறையாக மணி பார்க்காமல் நின்றது.

வெகுநேரம் கழித்துப் பின்னால் 'டிக்' என்று ஒரு சத்தம். லிஃப்ட் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே ஏறியது.

கதவு திறந்தது. எதிரே செயலாளர் முகம் சிவக்க நின்றார். பக்கத்தில் கருவிப் பையோடு மெக்கானிக், வாங்கப்போகும் திட்டுக்கு இப்போதே தலையைக் குனிந்துகொண்டு.

அம்மா முதலில் இறங்க வேண்டும் என்பதால் அதிகாரி ஒதுங்கினார். ஒதுங்கும்போது திரும்பினார்.

அம்மா நின்ற மூலையில், கைப்பிடிக்குச் சற்று மேலே, லிஃப்டை நிறுத்தும் சிவப்புக் குமிழ் இருந்தது. இழுத்தால் நிற்கும், அழுத்தினால் ஓடும். ஆபத்துக்கு மட்டும் தொட வேண்டிய குமிழ், தூசி படிந்து கிடக்க வேண்டியது. இதில் விரல் பட்டுப் பட்டுச் சிவப்பெல்லாம் போய்ப் பித்தளை பளபளத்தது.

"இந்த லிஃப்டைச் சரி பண்ணுன்னு உனக்கு எத்தனை தடவைய்யா சொல்றது?" என்று செயலாளர் மெக்கானிக் மேல் பாய்ந்தார்.

"மெக்கானிக்கைத் திட்டாதீங்க சார்," என்றார் அதிகாரி. "பழைய லிஃப்ட்."

மண்டபத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த அம்மா ஒரு கணம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படத்தைத் திறக்கப் போனார்.